இரண்டு அம்மா பிள்ளை

அன்பு மகள் நஸ்ரீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அடுத்த அறையில் இருக்கிற பெண்ணுக்குக் கடிதம் எழுதுகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். சிரிக்காதே, வேறு வழியில்லை. கல்யாண வீட்டில் அத்தாவும் மகளும் தனியாகப் பேச இடம் எங்கே இருக்கிறது? கூடத்தில் உன் அம்மா வழிச் சொந்தம் முழுக்கப் பாய் விரித்துவிட்டது. மாடியில் பந்தல் போடுகிறார்கள். அடுக்களையில் தலையைக் காட்டினாலே என்னை விரட்டுகிறார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் உனக்கு முன்னால் உன் அம்மா படித்துவிடுவாள். அதனால் மேற்குத் தாம்பரத்தில் நம் கண்ணாடிக் கடையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். கண்ணாடிக்குக் கால் ஒடிந்துவிட்டது என்று வந்த ஒருவரை, ‘இதோ முடிந்தது சார்’ என்று சொல்லிச் சொல்லியே உட்கார வைத்திருக்கிறேன். கண்ணாடி இல்லாததால், நான் அதைத் தொடவேயில்லை என்பது அவருக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உனக்கு நிக்காஹ். மறுநாள் கூடுவாஞ்சேரிக்குப் போகிறாய். நடுவில் கடலா இருக்கிறது, மின்சார ரயிலில் ஏறினால் ஒரு குட்டித் தூக்கம்கூடப் போட முடியாது என்று வருகிறவர்களிடமெல்லாம் வீரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பண்டிகை நேரத்தில் பெருங்களத்தூரைத் தாண்டுவதற்குள் பொழுது போய் பொழுது விடிந்துவிடும் என்பதை மட்டும் சொல்வதில்லை. ஆனால் தூரம் இல்லை என் கவலை. உன் மாமியார்தான். அந்த அம்மாள் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னும் பிரார்த்தனைக் கூட்டத்தில் நிற்பது போலத்தான் பேசுகிறார். போன மாதம் உனக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நீ எனக்குப் போட்டுக் காட்டினாய். “நஸ்ரீன், பெட்டி ரெண்டுக்கு மேல வேணாம், வைக்க இடம் கிடையாது. காலைல தண்ணி சீக்கிரம் நின்னுடும், அதுக்குள்ள குளிச்சு முடிச்சுடணும். சரியா?” அந்த ‘சரியா’வுக்கு நானே எழுந்து நின்றுவிட்டேன். நீ, “அத்தா, டவுட்டே இல்ல. இது பெரியம்மா கேஸ்” என்றாய். வீடே சிரித்தது. உன் கண் மட்டும் சிரிக்கவில்லை. ஊரார் கண்ணைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவன் நான், எனக்கு அது தெரியாமல் போகுமா?

பெரியம்மா கேஸ். நம் வீட்டில் கடுகடுத்த மாமியார் யாராக இருந்தாலும் அந்தப் பெயர்தான். யார் அந்தப் பெரியம்மா என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டால் உனக்குச் சொல்லத் தெரிய வேண்டும். அதற்காகவும் முதலிலிருந்து எழுதுகிறேன்.

பல்லாவரத்தில் தோல் மண்டி வேலையாக இருந்த குடும்பம் நம்முடையது. முகம்மது காசிம் வீட்டுத் தலைவர். அவர் மனைவிதான் பெரியம்மா. அவர்களுடைய மூத்த பையன் முகம்மது ஹனீபா, அவருக்குக் கட்டி வந்த பெண் சின்னம்மா. அந்த நாளில் எல்லாமே சின்ன வயதுக் கல்யாணம். அதனால் மாமியாருக்கே முப்பத்திரண்டு வயதுதான், மருமகளுக்குப் பதினாலு. இருவரும் ஒரே சமயத்தில் பிள்ளைத்தாய்ச்சி. ஒரே வாரத்தில், ஒரே அறையில், இருவருக்கும் ஆண் குழந்தை. பெயர் வைக்கும் முன்பே ஒரு குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. மிஞ்சிய குழந்தைதான் என் அத்தா, உன் தாத்தா. போனது யார் பிள்ளை, இருப்பது யார் பிள்ளை என்று அந்த இரண்டு பெண்களும் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. இருவரும் மாறி மாறிப் பால் கொடுத்தார்கள். அத்தா ஒருவரைப் பெரியம்மா என்றும் மற்றவரைச் சின்னம்மா என்றும் கூப்பிட்டே வளர்ந்தார். பெரியவர் காசிம் குழந்தை நடக்கும் முன்னே காலமாகிவிட்டதால், பள்ளிக்கூடத்தில் தகப்பன் இடத்தில் ஹனீபா பெயரைக் கொடுத்தார்கள். இனிஷியலில் பிரச்சினையே இல்லை. நம் வீட்டு ஆண்கள் எல்லோருமே முகம்மதுதான். ‘ரெண்டு அம்மா பிள்ளை’ என்று அத்தாவை ஊரில் கேலி செய்வார்களாம். அவர் பெருமையாக மீசையைத் தடவிக்கொள்வார்.

இப்படி நிம்மதியாக இருந்த குடும்பத்தில் நீ புகுந்தாய். கல்யாண மண்டபத்து வாசலில் இரு வீட்டு வம்ச மரத்தையும் பெரிதாக அச்சடித்து வைக்கப் போகிறேன் என்றாய். சொந்தக்காரர்களிடம் வயது கேட்டு நீ பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒருவர் ‘பெரிய புயலுக்கு முன்னால’ என்றார், இன்னொருவர் ‘எங்க பசு காணாமப் போன வருஷம்’ என்றார். நீயும் விடாமல் பசுவுக்குக்கூட வயது கண்டுபிடித்தாய். ஒருநாள் கணக்குப் போட்டுவிட்டு என்னிடம் வந்து, “அத்தா, நம்ம மரத்துல மேல இருக்கற பொண்ணுங்க எல்லாம் குழந்தைங்க அத்தா” என்றாய். அந்தக் காலம் அப்படி என்றேன். “அந்தக் காலத்துலயும் பதினாலு பதினாலுதானே?” என்றாய்.  இப்படி மாட்டிக்கொண்டால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும், காப்பி கேட்பேன். கேட்டேன்.

அடுத்த வாரம் நீ மரம் வரைகிற ஆப் மக்கர் செய்தது. ஓர் ஆளுக்கு ஓர் அம்மாதான் போட முடியுமாம். தாத்தாவுக்கு யாரைப் போட என்று கேட்டாய். ரெண்டு பேரையும் போடு என்றேன். ஆப் விடாது என்றாய். அப்படியென்றால் ஆப்பைத் தூக்கிப் போடு என்றேன். நீ சிரிக்காமல், “டி.என்.ஏ. டெஸ்ட் பண்ணிடலாம் அத்தா. உங்க எச்சில், ஜமீலா குப்பியோட எச்சில், ரெண்டையும் அனுப்பினா போதும்” என்றாய். அத்தையை நாம் குப்பி என்போம். ஜமீலா குப்பி சின்னம்மாவின் மகள், என் அத்தாவுக்குத் தங்கை, அந்த வீட்டில் இருந்தவர்களில் இன்று உயிரோடு இருக்கும் ஒரே ஆள். நீ தாள் எடுத்துப் படம் போட்டே விளக்கினாய். அத்தா சின்னம்மா பிள்ளை என்றால் குப்பி எனக்குச் சொந்த அத்தை, எங்கள் ரத்தத்தில் ஏறக்குறைய கால் பங்கு ஒத்துப்போகும். பெரியம்மா பிள்ளை என்றால் அத்தா குப்பிக்கு அண்ணன் இல்லை, சித்தப்பா. குப்பி எனக்கு ஒன்றுவிட்ட அக்கா, ஒத்துப்போவது அதில் பாதிதான் இருக்கும். சின்னம்மா சொந்தத்தில் எடுத்த பெண் இல்லை, அசல், அதனால் கணக்கு குழம்பாது என்றும் சொன்னாய்.

எனக்குக் கோபம் வந்தது உண்மை. செத்துப்போனவர்களை நோண்டி என்ன ஆகப் போகிறது, உனக்குக் கல்யாண வேலை இல்லையா என்று கத்தினேன். நீயும் கத்தினாய். “தாத்தாவோட அம்மா யாருன்னு தெரியாம நான் என்ன மரம் அத்தா வரையறது?” என்றாய். உண்மையில் எனக்குப் பயம், அதைத்தான் சத்தமாகச் சொன்னேன். எனக்காக அல்ல. ஜமீலா குப்பிக்கு என் அத்தா என்றால் உயிர். கூடப் பிறந்த வேறு யாரும் இல்லை. அண்ணன் மௌத்தான அன்று அந்த அம்மாள் அழுத அழுகை எனக்கு மறக்காது. அந்த வயதானவரிடம் போய், ‘உங்கள் அண்ணன் உங்கள் அண்ணன் இல்லையோ என்று பார்க்கிறோம், கொஞ்சம் துப்புங்கள்’ என்று எப்படிக் கேட்பது? ஆனால் நீ கேட்டாய். குரோம்பேட்டையில் குப்பியின் மகன் வீட்டுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாய்.

குப்பி முழுதும் கேட்டார். பிறகு எச்சில் பிடிக்கும் குழாயை உன்னிடம் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். “இன்னாடி இது, இதுல துப்பினா என் அண்ணன் யாருன்னு சொல்லுமா? நான் சொல்லமாட்டனா?” என்றார். நான் குறுக்கே பாய்ந்து, “வேண்டாம் குப்பி, இவ கெடக்கா” என்றேன். “நீ சும்மா கெட. அவ கேக்கறதுல இன்னா தப்பு? தெரிஞ்சிக்கட்டும். எனக்கு இன்னா பயம்? ரெண்டு பேர் பாலும் குடிச்சவரு எங்கண்ணன். பெரியம்மா பெத்திருந்தாலும் எங்கம்மா பால் குடிச்சிட்டாருல்ல? பால் குடிச்சா பிள்ளைதான், மார்க்கத்துலயே கீது. எந்தக் கம்பெனிக்காரன் இன்னா எழுதி அனுப்பினாலும் அவரு என் அண்ணன்தான்டா” என்றார்.  பால்குடி உறவு நமக்கெல்லாம் தெரிந்ததுதான். ஒருத்தியிடம் பால் குடித்த பிள்ளைகள் அண்ணன் தங்கை, கட்டிக்கொள்ளக்கூடாது என்று எத்தனை சம்பந்தம் பேசும்போது கேட்டிருக்கிறோம். அது எனக்குத் தோன்றவில்லை, குப்பிக்குத் தோன்றியது. இத்தனை நாள் பயந்தது வீண் என்று ஆனதும் எனக்கு அப்படி ஒரு பசி வந்தது.

அங்கேதான் அடுத்த வம்பு. துப்புவதற்கு முன் அரைமணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாது. குப்பி வீட்டில் அரைமணி நேரம் சாப்பிடாமல் இருப்பது நடக்கிற காரியமா? முதலில் டீ வந்துவிட்டது. ஆறிவிடும் என்று குப்பி குடித்துவிட்டார். மறுபடி ஆரம்பத்திலிருந்து காத்திருந்தோம். அதற்குள் மருமகள் சமோசா பொரித்துக்கொண்டு வந்தாள். “கொழந்தைங்க துன்னும்போது நான் சும்மா உக்காந்தா நல்லாவா இருக்கும்?” என்று குப்பி நமக்குத் துணையாக ஒன்று எடுத்துக்கொண்டார். அதன் பிறகு வெற்றிலை. நீ தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்ததும், குப்பியை மறக்கடிக்க நான் பழைய கதையைக் கிளப்பியதும் நினைவிருக்கிறதா? பெரியம்மா அவ்வளவு மோசமா குப்பி என்றுதான் கேட்டேன். அரைமணி நேரம் வாய் பேசியது, சாப்பிடவில்லை.

அன்று குப்பி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “மோசமா? ஆம்பிளைங்களே நடுங்குவாங்க. எங்கம்மா சொல்லும், அந்தக் கொழந்த மௌத்தாச்சே, அன்னிக்கு தெருப் பொம்பளைங்க எல்லாம் துக்கம் கேக்க வந்தாங்களாம். ஒருத்திய உள்ள விடலையாம் பெரியம்மா. வாசல்ல கைய வெச்சிகினு நின்னு, ‘ஒண்ணும் கேக்க வேணாம், வூட்டுக்குப் போங்க’ன்னு தொரத்திடுச்சாம். அவ்ளோ திமிரு. எங்கம்மா ஒரு மூலைல குந்தி அழுதுகினு இருந்துச்சாம். அழக்கூட விடல. கதவச் சாத்திட்டு வந்து, புள்ளையத் தூக்கி அது மடில போட்டு, ‘புடி, பசிக்குது அவனுக்கு, பாலக் குடு’ன்னு ஒரு அதட்டு. எங்கம்மா பயந்துகினு வாங்கிக்கிச்சாம்.” நாம் மூன்று பேரும் சிரித்தோம். சரியான பெரியம்மா என்று நீ சொன்னாய். குப்பி வாயைக் கொப்பளித்துவிட்டுத் துப்பினார், நானும் துப்பினேன், நீ ஏதோ பொக்கிஷம் போல இரண்டு குழாயையும் பையில் வைத்துக்கொண்டாய்.

முடிவு என் மின்னஞ்சலுக்கு வந்தது. நீ மருதாணிக் கையோடு உட்கார்ந்திருந்த நாள் அது, போனைத் தொட முடியாமல் இருந்தாய். நான் கடையில் தனியாகப் பார்த்தேன். கால் பங்கு இல்லை நஸ்ரீன். அதில் பாதிதான். ‘பெரும்பாலும் ஒன்றுவிட்ட உறவு’ என்று கீழே எழுதியிருந்தான். என் அத்தா பெரியம்மா பெற்ற பிள்ளை. காசிமின் மகன், ஹனீபாவின் தம்பி. முதலில் எனக்கு ஓர் அசட்டுக் கணக்குத்தான் ஓடியது. தாத்தா என்று நினைத்தவர் பெரியப்பா ஆகிவிட்டார், கொள்ளுத்தாத்தா ஒரு படி இறங்கித் தாத்தா ஆகிவிட்டார் என்று விரல் விட்டுக்கொண்டிருந்தேன். பிறகுதான் இன்னொரு விஷயம் உறைத்தது. அப்படியென்றால் போனது சின்னம்மாவின் குழந்தை. விரலை மடக்கிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினேன். நீ சொன்ன பதினாலு என்ற வயது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

உனக்குச் சொல்லும் முன் குப்பியிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அது அவருடைய அம்மாவின் விஷயம். மறுநாளே குரோம்பேட்டைக்குப் போனேன். சொன்னதும் குப்பி கெக்கெக்கே என்று சிரித்துவிட்டார். “அப்ப நான் உனக்கு அத்தை இல்லியா? அக்காவா? இத்தினி வருஷமா குப்பி குப்பின்னு கூப்ட்டு என்னக் கெழவி ஆக்கிட்டியேடா! இனிமே அக்கான்னு கூப்புடு, கேக்கவே ஷோக்கா கீது” என்றார். நானும் “சரி அக்கா” என்றேன். இருவரும் கண்ணில் நீர் வருகிற வரைக்கும் சிரித்தோம். பிறகு அவர் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார், எதுவும் எடுக்காமலே மூடினார். “டேய்” என்றார். “அந்த அதட்டு...” என்றார். 

நானும் அப்போதுதான் அதைப் பார்த்தேன். நீயும் பார்த்துவிட்டாய் இல்லையா? முப்பத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி, தான் பெற்று ஒரு வாரம் ஆகாத பிள்ளையைத் தூக்கி, பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு மூலையில் அழுகிற ஒரு சிறுமியின் மடியில் போடுகிறாள். ‘பசிக்குது அவனுக்கு, பாலைக் குடு’ என்கிறாள். அவனுக்குப் பசியாற்றப் பெற்றவள் அவளே இருந்தாள், நஸ்ரீன். துக்கம் கேட்க வந்தவர்களை வாசலோடு திருப்பியது திமிரில் இல்லை. உள்ளே வந்தால் ‘உன் பிள்ளையா போச்சு?’ என்று அந்தப் பதினாலு வயசைக் கேட்பார்கள். அதைக் கேட்க விடக்கூடாது என்று கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அன்றைக்கு மட்டுமா நின்றாள்? சாகும்வரை நின்றாள். ‘என் பிள்ளை’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், என் அத்தா முழுக்க அவளுடையவர். சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் மருமகளின் பிள்ளை என்றே எழுத விட்டாள். நாம் அவளுக்குக் கொடுத்த பெயர், பெரியம்மா கேஸ்.

குப்பி வெற்றிலைப் பெட்டியைத் தள்ளி வைத்தார். “எங்கம்மா அந்தக் கதைய எங்கிட்ட எத்தினி வாட்டி சொல்லியிருக்கும். சிரிச்சிகினேதான் சொல்லும். நான்தான் மாமியார் கொடுமைன்னு நெனச்சிகினேன்” என்றார். எனக்கு அந்த இடத்தில் அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் அழுதேன். குப்பி என் முதுகில் ஒன்று வைத்து, “அக்கா முன்னாடி அழுவாத” என்றார்.

அந்த இரண்டு பேரும் மறைத்ததை நாம் திறந்துவிட்டோமே, தப்போ என்று இரண்டு நாள் யோசித்தேன். அவர்கள் மறைத்தது ஒரு சிறு பெண்ணின் மனம் நோகாமல் இருக்க. இனி நோக அவள் இல்லை. மிச்சம் இருப்பது பெரியம்மாவின் மேல் நாம் ஏற்றிய பழி ஒன்றுதான், அது இறங்குவது நல்லது. நீ நோண்டியது சரி. நான் கத்தியது பிசகு. உன் மரத்தில் மாற்ற வேண்டியதை மாற்று. தாத்தாவுக்கு மேலே பெற்றவள் என்று பெரியம்மாவைப் போடு, பக்கத்திலேயே சின்னம்மாவிடமிருந்தும் ஒரு கோடு இழு. ஆப் விடாவிட்டால் அச்சடித்த பிறகு பேனாவால் இழு. இன்னொன்று, சின்னம்மாவுக்குக் கீழே முதலில் ஒரு சின்னக் கிளை வரை. பெயர் எழுத வேண்டாம், அந்தப் பிள்ளைக்குப் பெயர் வைக்க யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. கிளை இருந்தால் போதும். மண்டபத்தில் குப்பியை அதன் முன்னால் நிறுத்திப் படம் எடுக்க வேண்டும், அவர் இப்போதே புடவை எடுத்து வைத்துவிட்டார்.

இப்போது உன் மாமியாருக்கு வருகிறேன். பொறுத்துப் போ, அடங்கிப் போ என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். நீ பதினாலு வயதில் போகவில்லை, இருபத்தேழு வயதில், கையில் வேலையோடு, வாயோடு போகிறாய். உன் வாய் எனக்குத் தெரியும், எனக்கு அந்த அம்மாளை நினைத்துத்தான் கொஞ்சம் பாவமாக இருக்கிறது. அதட்டினால் ஏன் என்று கேள். நியாயம் இல்லையென்றால் திருப்பிச் சொல். தாங்க முடியாவிட்டால் ரயிலேறி வா, உன் அறையில் நான் கடைச் சாமான் போட மாட்டேன், போடச் சொல்லி உன் அம்மா கேட்டாலும் மாட்டேன். நான் கேட்பது ஒன்றுதான். ஒருத்தி அதட்டுகிறாள் என்பதை மட்டும் வைத்து அவளை எழுதி முடித்துவிடாதே. அந்த அதட்டலோடு உன் மடியில் என்ன வந்து விழுகிறது என்றும் ஒருமுறை குனிந்து பார். அவர் உன் அம்மாவுக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நேற்று அவள் எனக்குப் போட்டுக் காட்டினாள். பெட்டி இரண்டுக்கு மேல் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் கேட்டாயா? உனக்கு வீட்டில் உட்கார்ந்து வேலை செய்ய மேசை போட வேண்டுமென்று அவருடைய அலமாரியை எடுத்து வெளியே போட்டிருக்கிறாராம். அதைக்கூட மிரட்டுகிற குரலில்தான் சொன்னார்.

கண்ணாடிக்காரர் எழுந்து நிற்கிறார், இனிமேல் தாங்காது. முடிக்கிறேன். கூடுவாஞ்சேரி போய் இரண்டு நாள் கழித்துப் போன் செய். மாமியார் எப்படி இருக்கிறார் என்று கேட்பேன். நீ பழையபடி உதட்டைச் சுழித்துக்கொண்டு, “பெரியம்மா கேஸ்தான் அத்தா” என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

துஆவுடன்,
உன் அத்தா